அப்பாவுக்கு விருப்பமான எல்லாம்

எங்கள் வீட்டில் தெற்கு என்ற திசைக்கு மரியாதை வந்தது அப்பா ட்ரக் ஓடத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன் தெற்கு என்றால் இலங்கையின் தெற்கு. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே பெரியவர்களின் முகம் கடுத்துவிடும். அப்பா கனடாவில் நாங்கள் இருந்த மில்லிக்கனில் இருந்து வெளிக்கிட்டு, வின்சர் எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போய், ஒகையோ, கென்ரக்கி, ரெனசி என்று இறங்கி, ஜோர்ஜியா வரைக்கும் கார் உதிரிப்பாகங்கள் ஏற்றிப் போவார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், திரும்பி வரும்போது அந்த ஊர்ச் சாப்பாட்டின் மேல் தீராத பித்தோடு வந்து சேர்ந்தார். "சாப்பாடு எண்டால் தெற்குதான்" என்று அவர் முதன்முதலில் சொன்னபோது, அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒருமாதிரிப் பார்த்தார்.

அங்கே நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சாப்பாட்டுக் கடை இருந்ததாம். நடத்தியவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கறுப்பினத்தவர். அப்பா அவரிடம் சாப்பிட்டு, கதைத்துப் பழகி, கடைசியில் அவருடைய குசினிக்குள்ளேயே போய் நின்று பார்க்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார். கோழியை இரவு முழுக்க மோரில் ஊறவிட்டு, பிறகு மாவில் பிரட்டிப் பொரிக்க வேண்டும் என்பதுதான் அங்கே கற்ற முதற் பாடம்.

"மோருக்குள்ளை கோழியோ? வெளியிலை சொல்லிப் போடாதேங்கோ, சனம் சிரிக்கும்" என்றார் அம்மா. சொன்னாரே தவிர, செய்தார். மாவுக்குள் தன் பங்குக்கு மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகத்தூளும் கலந்தார். முதல் துண்டைக் கடித்ததும் அப்பா ஜோர்ஜியா தோற்றுவிட்டதாக அறிவித்தார். அம்மா அதைப் பெரிதாக எடுக்காத மாதிரித் திரும்பி நின்று அடுத்த துண்டை எண்ணெயில் போட்டார். ஆனால் அன்று முழுக்க அவர் ஏதோ பாட்டொன்றை முணுமுணுத்தபடியே இருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சோள மாவில் சுட்ட பாண். அரைத்த வெள்ளைச் சோளத்தில் காய்ச்சிய கஞ்சி. அதை வெண்ணெய் விட்டுத் தின்ன வேண்டுமாம். மொறுமொறுவென்று பொரித்த வெண்டிக்காய். பிறகு நண்டும் இறாலும் வெண்டிக்காயும் போட்டுத் தடிப்பாகக் காய்ச்சும் கம்போ. அம்மா அதில் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "உது எங்கட கூழ்தானே. ஒடியல் மா ஒண்டுதான் இல்லை" என்று ஒரே பேச்சில் அமெரிக்காவின் தெற்கையும் யாழ்ப்பாணத்தையும் சொந்தக்காரர் ஆக்கிவிட்டார்.

அப்பா வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தெற்குச் சாப்பாடு. அஜின்கோர்ட்டில் இருந்து சித்தி வருவார். அப்பாவின் கொம்பனியிலேயே ட்ரக் ஓடும் ஓர் அங்கிளும் வருவார். அவருக்குத் தொண்டை பெரிது, வயிறு அதைவிடப் பெரிது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர்கள் நிலத்தில் பாயை விரித்து முன்னூற்றிநாலு விளையாடுவார்கள். சித்தி சீட்டை ஒளிப்பார், அங்கிள் கத்துவார், அப்பா நடுவர் வேலை பார்க்கிற சாட்டில் எல்லோருடைய கையையும் எட்டிப் பார்ப்பார். நான் பாயின் ஓரத்தில் எண்ணெய்க் கையோடு படுத்திருந்து, யாருக்கும் தெரியாமல் இன்னொரு கோழிக்காலைத் தின்றுகொண்டிருப்பேன். உலகத்தில் இதைவிடப் பெரிய சுகம் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த மாரிகாலத்தில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டு முதியவர் இறந்து போனார். செத்த வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு போகக்கூடாது என்று என்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். எட்டாம் நாள் நடந்த எட்டுச் செலவுக்குத்தான் கூட்டிப் போனார்கள். ஆகவே சாவைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதே கடைசிப் பாடத்தில் இருந்துதான்.

அங்கே வரவேற்பறையின் நடுவில் அவருடைய படம் இருந்தது. மாலை, குத்துவிளக்கு, பெரிய வாழையிலை. இலையில் ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பொரியல், முட்டைப் பொரியல், பக்கத்தில் அரைப் போத்தல் சாராயம், கடதாசிக் கோப்பையில் கோப்பி, சொக்லேற் பூசிய ஒரு டோனட். எனக்கு அந்த டோனட்டில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இதெல்லாம் யாருக்கு என்று அம்மாவின் சேலையை இழுத்துக் கேட்டேன்.

"தாத்தாவுக்கு விருப்பமான எல்லாத்தையும் செய்து படைக்கிறது" என்றார் அம்மா காதுக்குள்.

நான் டோனட்டை நோக்கி மெல்லக் கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "படைக்க முன்னம் எச்சில் படக்கூடாது, பிள்ளை. பிறகு அது அவருக்கு உதவாது."

இப்படியாகச் செத்தவர்களைப் பற்றி எனக்கு மூன்று விசயங்கள் தெரிந்திருந்தன: படம் வேண்டும், விருப்பமான சாப்பாடு வேண்டும், அதில் எச்சில் படக்கூடாது. இந்த அறிவைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், மாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

அப்பா அன்று மத்தியானம் வந்து சேர வேண்டும். முதல் நாள் ஜோர்ஜியாவில் இருந்து போன் எடுத்து, கோழியை ஊறப் போடச் சொல்லியிருந்தார். காலையில் நான் ரி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா எடுத்து, "ஓம்... ஓம்... எப்ப?" என்றார். பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். போனை வைத்த பிறகு பேஸ்மென்ற் படிக்கட்டில் போய் இருந்தார். நான் பெற்ற அறிவில், பேஸ்மென்ற் படி இருக்கிற இடமல்ல. சப்பாத்துகள் கழற்றி வைக்கிற இடம். சப்பாத்துகளுக்கு நடுவில் அம்மா இருந்தது எனக்கு என்னவோ செய்தது. கொஞ்சநேரத்தில் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு, குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினார்.

சித்தி வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வந்தார். உதட்டுச்சாயம் இல்லாமல் சித்தியை அன்றுதான் பார்த்தேன். வந்ததும் வராததுமாக என்னைக் கட்டிப் பிடித்தார். அது முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை. அவருடைய குளிர்ச் சட்டையின் பித்தளைச் சிப் என் கன்னத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது. பின்னாலேயே அங்கிளும் வந்தார். அவர் வந்தால் வாசலிலேயே சத்தம் கேட்கும், அன்று கேட்கவில்லை. பனி ஒட்டிய பூட்ஸோடு நேரே கார்ப்பெற்றில் ஏறி நடந்தார். கார்ப்பெற்றில் ஒரு துளி ஈரம் பட்டாலும் வீட்டை இரண்டாக்கும் அம்மா, அந்த அடையாளங்களைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு முதலில் பயம் பிடித்தது.

மற்றச் சனங்கள் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததை ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் எனக்குத்தான் கூடத் தெரியும். ஆகவே அவர்கள் கராச்சுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் சாவித் துவாரத்தில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து வந்த குளிர்காற்று காதுக்குள் ஊதியது.

"எங்கட கொம்பனி ட்ரக் எண்டுதான் சொல்லுறாங்கள், தங்கச்சி" என்றார் அங்கிள். "ராத்திரி கென்ரக்கியிலை றோட்டெல்லாம் ஐஸ். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் மோதுப்பட்டிருக்கு. ஆளை இன்னும் அடையாளம் காணேல்லையாம்."

"அவர் போனை எடுக்கிறார் இல்லை" என்றது அம்மாவின் குரல்.

"லைன் இல்லாமல் இருக்கும். பயப்பிடாதை. ஒண்டும் உறுதியில்லை."

"பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்றார் சித்தி.

நான் ஓடிப்போய்ச் சோபாவில் இருந்து ரி.வி.யைப் பார்க்கத் தொடங்கினேன். அதில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டிருந்தது. என் கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் இருந்தேன். போன் எடுக்கவில்லை என்பது பெரிய விசயமல்ல, அப்பா எப்போதும் சார்ஜரை மறக்கிற ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே நம்பியும் இருப்பேன். ஆனால் அவர்கள் குசினிக்கு வந்த பிறகு சித்தி சொன்னார், "அக்கா, நிப்பாட்டுங்கோவன். இப்ப ஆர் சாப்பிடப் போகினம்?"

அதற்கு அம்மா, "இல்லை. அவருக்கு விருப்பமான எல்லாத்தையும் செய்வம்" என்றார்.

கடைசி வீட்டில் அம்மா என் காதுக்குள் சொன்ன அதே வார்த்தைகள். அப்பா செத்துவிட்டார். எனக்குச் சொல்லாமல் படையலுக்குச் சமைக்கிறார்கள். பெரியவர்கள் சாவையும் இப்படித்தான், பிறந்தநாள் கேக் வாங்கி அலுமாரியில் ஒளிப்பது போல, ஒளித்து வைத்து ஆயத்தம் செய்வார்கள் போலும் என்று நினைத்தேன். எட்டு நாள் கணக்கு ஏன் சரிவரவில்லை என்று கேட்கிற அளவுக்கு என் மூளை அப்போது வேலை செய்யவில்லை.

குசினியில் இருந்து கோழி பொரிகிற மணம் வந்தது. எனக்கு மிகவும் விருப்பமான மணம். அன்றைக்கு அது மூக்கில் ஏறியதும் வாயில் புளித்த தண்ணி ஊறி, ஓங்காளித்தது. அம்மா ஒரு தாச்சியில் கோழி, இன்னொரு சட்டியில் கம்போ, அவணில் சோளப் பாண் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். இவ்வளவையும் சேர்த்து ஒரே நாளில் அவர் முன்பு செய்ததில்லை. எண்ணெய் கையில் தெறித்தபோதுகூடக் கையை உதறவில்லை.

அடுத்ததாக நான் கண்டதுதான் என்னைக் குலைத்துப் போட்டது. சித்தி வரவேற்பறைக்கு வந்து, சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கழற்றினார். கனேடியக் குடியுரிமை கிடைத்த அன்று எடுத்த படம். அப்பா ரை கட்டிக்கொண்டு, கையில் கடதாசிக் கொடியோடு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். அவர் ரை கட்டிய ஒரே படம் அதுதான். சித்தி அதைத் தன் சால்வையால் துடைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அங்கிளைக் கூப்பிடப் போனார். அது ஆளை அடையாளம் காண கென்ரக்கி ஆஸ்பத்திரி ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்ட படம் என்பதும், அந்த நாள் மடக்குப் போனில் ஒழுங்கான படம் ஒன்றும் இல்லாததால் சுவரில் இருந்ததைக் கழற்றினார்கள் என்பதும் எனக்குப் பின்னால் தெரிய வந்தவை. அப்போது நான் கண்டது வேறு: மேசை, படம், பக்கத்தில் ஆவி பறக்கும் சாப்பாடு. விளக்கு ஒன்றுதான் பாக்கி.

படம் இல்லாவிட்டால் படைக்க முடியாது. படைக்காவிட்டால் அப்பா செத்ததாகாது. என் கணக்கு அவ்வளவுதான். படத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேஸ்மென்றுக்கு ஓடினேன். அங்கே மூலையில் பெரிய பிளாஸ்டிக் வாளியில் அரிசி இருந்தது. படத்தை அரிசிக்குள் செருகி, மேலே கையால் தள்ளி மூடினேன். அப்பாவின் முகம் அரிசிக்குள் மறையும்போது, நானே அவரைப் புதைக்கிறேனோ என்று ஒரு நொடி திகில் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு கை அரிசியைத் தள்ளிவிட்டு மேலே வந்தேன்.

மேலே சித்தி மேசைக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தார். "இஞ்சைதானே வைச்சனான்" என்று அவர் சொன்னபோது குரல் அழுகைக்குக் கிட்ட வந்துவிட்டது. படத்துக்காக ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று எனக்கு இன்னும் பயம் கூடியது. அங்கிள், "விடுங்கோ, கொம்பனியிலை கேட்டுப் பாப்பம்" என்று சொல்லி மறுபடியும் போனோடு கராச்சுக்குள் போனார். அப்படியென்றால் வேறு படம் கிடைத்துவிடும். படத்தை நம்பிப் பயனில்லை.

எச்சில் மட்டும்தான் மிஞ்சியது. அம்மா அவணுக்கு முன்னால் குனிந்து நின்ற நேரம் பார்த்து, கோழி அடுக்கியிருந்த தட்டுக்குப் போனேன். முதல் துண்டை எடுத்து ஒரு கடி கடித்தேன். நாக்கு சுட்டது. அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கடித்தேன். பிறகு அடுத்ததை. விழுங்க முடியவில்லை, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு கடித்தேன். வெண்டிக்காய்ப் பொரியலுக்குள் விரலை நக்கி நக்கிக் குத்தினேன். கம்போவுக்குள் கரண்டியை விட்டு எடுத்து, வாயில் வைத்து, அந்தக் கரண்டியையே திரும்பச் சட்டிக்குள் விட்டுக் கலக்கினேன். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பசியில்லாமல் இவ்வளவு சாப்பாட்டை ஒரே மூச்சில் வாயில் போட்ட பிள்ளை ஸ்காபரோவில் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

"என்னடி இது! எல்லாத்திலையும் எச்சில் பண்ணி வைச்சிருக்கிறாய்" என்று சித்தி கத்தினார்.

அம்மா திரும்பினார். தட்டைப் பார்த்தார், என் வீங்கிய கன்னங்களைப் பார்த்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.

"விடு. பிள்ளைக்குப் பசி" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, மோருக்குள் மிஞ்சிக் கிடந்த துண்டுகளை எடுத்து மாவில் பிரட்டத் தொடங்கினார்.

அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. நான் எத்தனை துண்டைக் கடித்தாலும் அவர் புதிதாகப் பொரித்துக்கொண்டே இருப்பார். அந்த அடுப்பு எரியும்வரை எனக்குத் தப்ப வழியில்லை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பழைய காஸ் அடுப்பு அது. அதன் திருகுகள் எனக்கு எட்டும். நான் பாய்ந்துபோய் ஒன்றைத் திருகினேன், மற்றதையும் திருகினேன். நீலச் சுவாலை உள்ளே இழுபட்டு நின்றது. எண்ணெய் பொரிகிற சத்தம் ஓய்ந்தது.

அம்மா எனக்கு அடித்தார். கன்னத்தில், மாக் கையோடு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அடுப்பிலை கை வைக்காதை!" என்று அவர் கத்திய சத்தத்தில் கராச்சில் இருந்த அங்கிள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் திருகைத் திருப்பி அடுப்பை மூட்டப் பார்த்தார். அது டிக் டிக் என்று அடித்ததே தவிரப் பற்றவில்லை. "பத்து... பத்து..." என்று அடுப்போடு கெஞ்சினார். பிறகு பற்றியது. அம்மா இரண்டு கைகளாலும் அடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான் மேசைக்குக் கீழே போய் ஒளிந்தேன். அடி நோகவில்லை. அம்மாவுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

கோழி முடிந்தது, கம்போ இறக்கியாயிற்று, பாண் வெந்துவிட்டது. சமைக்க இனி ஒன்றும் இல்லை. அம்மா ஒரு பெரிய பானையில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். அது கொதித்தது. கொதித்து வற்ற, மேலும் தண்ணீர் விட்டார். அங்கிள் கதிரையின் நுனியில் இருந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். யன்னல்கள் எல்லாம் ஆவியில் வெள்ளையாகி, வெளியே பனி கொட்டுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. வெறும் தண்ணீர் யாருக்கு என்று மேசைக்குக் கீழே இருந்து யோசித்து யோசித்து நான் களைத்துப் போனேன். மூவருடைய கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. அம்மாவின் கால்கள் அடுப்படியை விட்டு அசையவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுப் போன் அடித்தது. மூன்று பெரியவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் சித்திதான் எடுத்தார். எடுத்தவர் அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டு, "அக்கா, அத்தான்... அத்தான் கதைக்கிறார்" என்றார்.

போனில் அப்பாவின் குரல் மேசைக்குக் கீழே இருந்த எனக்கே கேட்டது. ஐஸைக் கண்டு பயந்து அவர் முன்கூட்டியே பெருந்தெருவை விட்டு இறங்கியிருக்கிறார். அந்தச் சின்ன ஊரில் மின்சாரமும் இல்லை, பொழுது சாயும்வரை போனும் இல்லை. ஊர்ச்சனம் தேவாலய மண்டபத்தைத் திறந்து, வழியில் அகப்பட்ட டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டு இருத்தி, காஸ் அடுப்பு வைத்துச் சமைத்துப் போட்டிருக்கிறது. பொரித்த கோழி, அவித்த பயற்றங்காய், சோளப் பாண். "ஆனால் உன்ரை கோழி மாதிரி வராது" என்றார் அப்பா.

"நீங்கள் அங்கை இருந்து கோழி தின்னுறியள்! நாங்கள் இஞ்சை..." என்று தொடங்கிய அம்மாவால் முடிக்க இயலவில்லை. சிரித்தார், அழுதார், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தார். நான் மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்து போனைப் பறித்தேன். அப்பா என் பெயரைச் சொன்னார். நான் மூச்சு மட்டும் விட்டுக் காட்டினேன்.

அதன் பிறகு அங்கிள் போனை வாங்கினார். கொஞ்சம் சிரித்துப் பேசினார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆர்?" என்றார். "எந்தப் பொடியன்?" என்றார். போனை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப அது ஆர், அண்ணை?" என்று கேட்டார் அம்மா.

"எங்கட புதுப் பொடியன். மண்டபத்துக்கு வந்த டிரைவர் ஒருத்தன் கண்டவனாம். போன மாசம்தான் சேர்ந்தவன். அஜக்ஸிலை இருக்கினம். பெஞ்சாதிக்கு ஒரு கைக்குழந்தை."

அம்மாவுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. ஆனாலும் அவர் நின்ற நிலையிலேயே, "ஐயோ, என்ரை பிள்ளை" என்றார். எங்கள் அப்பா உயிரோடு இருக்கும்போது அம்மா யாருக்காகவோ அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்குள் சந்தோசம் நிரம்பி வழிந்தது. நான் எல்லோரும் பாயை விரித்துச் சீட்டு விளையாடத் தொடங்குவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அம்மா அரிசி எடுக்கப் பேஸ்மென்றுக்குப் போனார். எனக்கு அப்போதுதான் வாளி ஞாபகம் வந்தது. அவர் திரும்பி வந்தபோது ஒரு கையில் அரிசிச் சுளகும் மறு கையில் அப்பாவின் படமும் இருந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த அரிசிமணிகளைத் தட்டி, வீட்டுச்சட்டையால் துடைத்து, படத்தைச் சுவரில் பழைய இடத்தில் மாட்டினார். என்னைக் கூப்பிட்டு, தான் அடித்த கன்னத்தைத் தடவினார்.

பிறகு அரிசியைக் கழுவி, மத்தியானம் தொட்டுக் கொதித்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணீருக்குள் போட்டார். சித்தி பருப்பு வைத்தார். கோழியையும் கம்போவையும் அம்மா ஒருபக்கம் ஒதுக்கினார். அஜக்ஸ் வீட்டுக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கொண்டு போகக்கூடாதாம். அதுவரைக்கும் நிம்மதி, கோழி அப்பாவுக்கு மிஞ்சும். ஆனால் சோளப் பாணையும் சுற்றத் தொடங்கியபோது நான் அழத் தொடங்கினேன்.

"அது அப்பாவுக்குச் செய்தது. ஏன் அவைக்குக் குடுக்கிறியள்? அவை சமைக்கலாம்தானே?"

"அங்கை இண்டைக்கு அடுப்பு மூட்டாயினம், பிள்ளை" என்றார் அம்மா.

சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுப்பார்கள் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். அன்று பகல் முழுக்க அம்மா எதற்காகப் பொரித்துக்கொண்டே இருந்தார், வெறும் தண்ணீரை எதற்காகக் கொதிக்க வைத்தார், என் கை திருகில் பட்டபோது ஏன் அப்படிக் கத்தினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகே எனக்குள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அஜக்ஸில் யாரோ ஒரு அன்ரியின் வீட்டு அடுப்பு பழுது.

அதை நினைக்க எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்தப் பழைய அடுப்பு பற்றாமல் அம்மாவே எவ்வளவு பாடுபட்டார் என்று நேரில் கண்டவள் நான். அங்கிளின் வான் வண்டிக்குள் சோற்றுப் பானையைத் துவாயால் சுற்றி என் கால்களுக்கு நடுவில் வைத்தார்கள். நானூற்றியொன்று பெருந்தெருவில் பனி வழிக்கும் வண்டிகளுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து போனோம். பானையின் சூடு முழங்காலில் ஏறி நன்றாக இருந்தது. சித்தி எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடியிருந்தார்.

"அம்மா" என்று கூப்பிட்டேன். "அவை எப்ப அடுப்பைத் திருத்துவினம்?"

முன் சீற்றில் இருந்து அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"கொஞ்ச நாள் செல்லும், பிள்ளை" என்றார்.

ஒரு அடுப்பைத் திருத்த அவ்வளவு நாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.